கெட்ட பழக்கம் தேவை

அந்தக் கல்லூரியில் இயற்பியலுக்கு ஒன்றரை வாத்தியார். ஒருவர் முழு ஆள். இன்னொருவர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேறொரு கல்லூரியிலிருந்து வந்து போகிறவர். நற்பழக்க மன்றத்துக்குப் பதினோரு பேர். அலுவலர் ஒருவர், துணை அலுவலர் இருவர், பழக்கப் பதிவாளர், பழக்கச் சரிபார்ப்பாளர், அவர் சரிபார்த்ததைச் சரிபார்க்க இன்னொருவர், மீதிப்பேர் முத்திரை குத்த. முத்திரை குத்துவதை லேசாக நினைத்துவிடக் கூடாது. மூவாயிரம் மாணவர்கள், ஆளுக்கொரு பழக்கப் புத்தகம், புத்தகத்துக்கு நாளொன்றுக்கு நாலு முத்திரை. சாயங்காலம் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற போக்கைப் பார்த்தால் கல் உடைக்கிறவனுக்கே மனசு இளகிவிடும்.

மன்றத்துக்கு இடம் வேண்டுமென்று நூலகத்தைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். புத்தக அலமாரிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நடைவழியில் நின்றன. நல்ல பழக்கங்களில் நாலாவது, தினமும் ஒரு மணி நேரம் நூலகத்தில் செலவிடுதல். ஆகவே மாணவர்கள் தினமும் ஒரு மணி நேரம் அந்தத் தார்ப்பாயைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முத்திரை கிடைத்தது.

பொடிசு அந்தக் கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு. ஆள் ஒல்லி, உயரமும் அவ்வளவுதான் என்பதால் பஸ் டிப்போவில் அவளுக்கு அந்தப் பெயர். அவளும் அவள் அம்மாவும் அங்கே பஸ் கழுவுகிறவர்கள். விடிகாலை மூன்றரைக்கு வாளியைத் தூக்கினால் ஏழு மணிக்குள் பதினாறு பஸ் முடிந்தாக வேண்டும். நீளக் கம்பில் தூரிகையைக் கட்டிக்கொண்டு வெளிப்பக்கம் அம்மா தேய்ப்பாள். உள்பக்கம் பொடிசு. சீட்டுக்கடியில் குனிந்து கூட்ட வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும், யாராவது வாந்தி எடுத்திருந்தால் மரத்தூள் போட்டு அள்ள வேண்டும். பதினாறும் முடிந்ததும் கடைசியாகக் கிளம்புகிற பஸ்ஸில் ஏறி, விளக்கைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை விரிப்பாள். அரைமணி நேரம் கிடைக்கும். உராய்வு விசையைப் படித்த அன்றைக்குக் கீழே இறங்கி டயரைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். புத்தகத்தில் இருந்தது சரிதான் என்று பட்டது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் படித்தாள். வகுப்பில் முதலாவதாக வந்தாள்.

டிப்போவில் ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரியை எல்லோரும் ஷெட்டண்ணன் என்பார்கள். அவர் ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, ஒர்க்ஷாப்புல இந்த வருஷம் பயிற்சிக்கு ரெண்டு பேர் எடுக்கிறாங்க. உம் பொண்ணு முதல் வருஷப் பரீட்சைய பாஸ் பண்ணின காகிதத்தைக் கொண்டாந்தா பேரு எழுதிடறேன். இந்த வருஷம் விட்டா அப்புறம் எடுக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் தூரிகைதான்."

ஒர்க்ஷாப் என்றால் உலர்ந்த தரை. அம்மாவின் கால் விரலிடுக்கெல்லாம் பதினெட்டு வருஷ ஈரத்தில் வெந்து வெளுத்துக் கிடந்தது. மகள் உள்ளே போய்விட்டால் தானும் வாளியை வைத்துவிடலாம் என்று அவள் கணக்கு. இவ்வளவுதான் விஷயம். ஒரு பரீட்சை, ஆறு தாள், பொடிசுக்கு ஆறும் அத்துபடி.

ஆனால் பரீட்சை எழுத ஹால் டிக்கெட் வேண்டும். ஹால் டிக்கெட்டுக்குப் பழக்கப் புத்தகத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டும். இதைப்பற்றி முதல்வர் மைதானத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்து முக்கால் மணி நேரம் பேசினார்.

"மாணவச் செல்வங்களே! நம் கல்லூரியின் தேர்ச்சி விகிதம் ஆறு வருஷமாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டோம். வாத்தியார்கள் போதவில்லை என்று அந்தக் குழு சொன்னது. உடனே அதைக் கலைத்துவிட்டு வேறு குழு போட்டோம். உங்கள் பழக்கங்கள் சரியில்லை என்று அது சொன்னது. கசப்பான உண்மையை நேருக்கு நேர் சந்திக்கும் துணிச்சல் இந்த நிர்வாகத்துக்கு உண்டு!"

மன்றத்துப் பதினோரு பேரும் கைதட்டினார்கள்.

"வாழ்க்கையில் வெற்றி பெற்ற நூறு பேரைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தோம். நூறு பேரும் காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்கள். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 'ஐயா, நீங்கள் ஐந்து மணிக்குத்தானே எழுந்தீர்கள்?' என்று அவர்களிடமே கேட்டோம். ஆமாம் என்றார்கள். தோற்றவர்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று ஆராயவில்லை. தோற்றவர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?"

கடைசியாக ஒரு எச்சரிக்கையும் விடுத்தார். "சந்தேகம் கேட்பது நல்ல பழக்கம். புகார் சொல்வது கெட்ட பழக்கம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாதவர்கள் மன்றத்தில் வந்து கேட்கலாம். அப்படிக் கேட்பது புகாராக எடுத்துக்கொள்ளப்படும்."

பரீட்சைக்கு நாற்பத்திரண்டு வேலைநாள் இருக்கும்போது, பொடிசின் பழக்கப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மன்றத்திலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். பழக்க அலுவலர் வெள்ளையும் சொள்ளையுமான மனுஷர். கோபமே வராது. பேனாவைத் திறக்கும் முன்னால் ஒருதரம், மூடிய பின்னால் ஒருதரம் கைக்குட்டையால் துடைப்பார். புத்தகத்தின் முன்பாதி பச்சைத் தாள், நல்ல பழக்கத்துக்கு, அறுபது மதிப்பெண். பின்பாதி சிவப்புத் தாள், கெட்ட பழக்கத்துக்கு, நாற்பது.

"இங்க என்னம்மா, மூணேகால்னு எழுதியிருக்க?"

"மூணேகாலுக்குத்தான் சார் எழுந்திருப்பேன்."

"அஞ்சு மணிக்கு எழுந்திருத்தல்னு அச்சடிச்சிருக்கே, பாக்கலையா?"

"அஞ்சு மணிக்கு முன்னாடியே எழுந்துடறேன் சார்."

"அப்ப அஞ்சு மணிக்கு நீ எழுந்திருக்கல."

"அஞ்சு மணிக்கு முழிச்சுக்கிட்டுத்தான் சார் இருப்பேன். பஸ் கழுவிக்கிட்டு இருப்பேன்."

"முழிச்சுக்கிட்டு யார் வேணாலும் இருக்கலாம்மா, திருடன்கூட முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். நமக்கு எழுந்திருக்கணும். அதுக்கு நீ முதல்ல படுத்திருக்கணும்." அடுத்த கட்டத்துக்குப் போனார். "படிக்கும் இடம்... பஸ்ஸா?"

"ஆமா சார். கடைசி சீட்டு."

"நிலையான இடம்னு கேட்டிருக்கோம். பஸ் நகரும்."

"நான் படிக்கிறப்ப நின்னுக்கிட்டு இருக்கும் சார்."

"அப்புறம் போயிடுமில்ல?"

போய்விடும் என்பதைப் பொடிசால் மறுக்க முடியவில்லை. அலுவலர் சிவப்புத் தாளைப் புரட்டினார். புரட்டினார், இன்னும் புரட்டினார். பேனாவை மூடித் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது, எல்லாம் காலியா இருக்கு?"

"கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லைங்க சார்."

"ஒண்ணுகூடவா?"

"இல்லைங்க சார்."

"போன் நோண்டுறது?"

"போன் இல்ல சார். அம்மாகிட்ட ஒண்ணு இருக்கு. அதுல நம்பர் மட்டும்தான் அமுக்கலாம்."

"வெளிய சுத்துறது, சினிமா, அரட்டை?"

"நேரமில்ல சார்."

அலுவலர் அவளைப் பார்த்த பார்வையில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "இதுக்கு நான் என்ன மார்க் போடுவேன், நீயே சொல்லு. முன்னேற்றம்னா என்ன? கெட்டதுலேருந்து நல்லதுக்கு வர்றது. நீ முன்னாடியே போய் நல்லதுல குத்தவச்சுக்கிட்டா எங்கேருந்து வருவ? நாங்க உனக்கு என்னத்தைச் செஞ்சோம்னு மேலிடத்துக்குக் காட்டுறது? போன வருஷம் ஒரு பையன் இருந்தான். தங்கமான பையன். சீட்டாடுவான், புகைப்பான், வகுப்புக்கே வரமாட்டான். எல்லாத்தையும் ஒவ்வொண்ணா விட்டான். நாற்பதுக்கு நாற்பது! பரீட்சையில பூஜ்யம் வாங்கினான், அது வேற விஷயம்."

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"ஒரு கெட்ட பழக்கம் ஏற்படுத்திக்க. விதிப்படி ஒரு பழக்கம் வர இருபத்தொரு நாள், விட இருபத்தொரு நாள். இன்னும் சரியா நாற்பத்திரண்டு நாள் இருக்கு. நாளைக்கே ஆரம்பிச்சுடு, தாமதம் பண்ணாத. தாமதமும் ஒரு கெட்ட..." சட்டென்று நிறுத்தி முகம் மலர்ந்தார். "அதையே எடுத்துக்கயேன். தாமதமா வர்றது. மத்ததுக்கெல்லாம் செலவாகும். இதுக்குப் பைசா ஆகாது. ஏழைப் பிள்ளைங்களுக்கு நாங்க இதைத்தான் சிபாரிசு பண்றது."

மறுநாள் விடிகாலை டிப்போவில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா தூரிகையைக் கீழே போட்டுவிட்டாள்.

"கெட்ட பழக்கம் வேணும்னு காலேஜுல கேக்கிறாங்களா?"

"ஆமாம்மா. ஒண்ணு போதுமாம்."

"முன்னாடியே சொல்லியிருந்தா உங்கப்பன்கிட்டயிருந்து நாலஞ்சு வாங்கி வச்சிருப்பேனேடி. போறப்ப பாத்திரத்தைத்தான் எடுத்துட்டுப் போனானே தவிர அதைக் கேட்டா கொடுக்காமயா இருந்திருப்பான்."

ஷெட்டண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "படிச்சவங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்," என்று தூரிகையை எடுத்துக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காதவள். படிப்பின்மேல் அவளுக்கு இருந்த மரியாதை படித்தவர்களுக்கு இருந்திருந்தால் கல்லூரி இன்னும் கொஞ்சம் நன்றாக நடந்திருக்கும்.

முதலில் ஐந்து மணி விவகாரத்தைத் தீர்த்தார்கள். மன்றத்து விதிப்படி படுத்திருக்கிற படம் ஒன்று, எழுகிற படம் ஒன்று, இரண்டிலும் நேரம் தெரிய வேண்டும், பெற்றவர் கைநாட்டு வேண்டும். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொடிசு கையைத் துடைத்துக்கொண்டு கழுவி முடித்த பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் நீட்டிப் படுப்பாள். ஷெட்டண்ணன் தன் போனில் ஒரு படம் எடுப்பார். அம்மா தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து தலைமாட்டில் நிற்பாள்.

"எழுப்பட்டுமா அண்ணே?"

"இரு, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு."

"அதுவரைக்கும் ரெண்டு கண்ணாடி தேச்சிருப்பேன் நான்."

"அசையாத அக்கா, படத்துல வாளி விழுது."

கடியாரம் ஐந்தைத் தொட்டதும் அம்மா "எழுந்திரும்மா, விடிஞ்சிருச்சு" என்பாள். பொடிசு எழுந்து உட்காருவாள். இரண்டாவது படம். அந்த நேரம் பார்த்து அந்த பஸ்ஸின் டிரைவர் வந்து படிக்கட்டில் காலை வைத்துக்கொண்டு நிற்பார். மீசைக்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

"மகாராணி எழுந்தாச்சா? வண்டிய எடுக்கலாமா, இல்ல பல்லு வெளக்கி முடியட்டுமா?"

"இன்னும் ஒரு நிமிஷம் மாமா. கைநாட்டு வச்சுட்டு இறங்கிடறோம்."

"வைங்க வைங்க. வெளியில நாப்பது பேர் நின்னுக்கிட்டு வேலைக்குப் போகணும்கிறான். பாப்பா எழுந்திருச்சான்னு கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

பஸ் தினமும் ஐந்து நிமிஷம் பிந்திக் கிளம்பியது. பத்தாம் நாள் டிப்போ மேலாளரிடமிருந்து அம்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதிலும் கீழே கைநாட்டு வைக்க இடம் விட்டிருந்தார்கள். அம்மா வைத்தாள்.

படிக்க நிலையான இடத்துக்கு ஷெட்டண்ணன் பழைய பேட்டரிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அதைச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டு மேலே துணி விரித்துப் படமெடுத்து ஒட்டினார்கள். சரிபார்ப்பாளர் ஒருவர் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பெட்டியை ஆட்டிப் பார்த்து, நகரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஷெட்டின் அந்த மூலைக்குப் பகல் வெளிச்சமும் எட்டாது, விளக்கும் இல்லை. அதனால் அங்கே படிக்க முடியாது. ஆனால் ஏழு மணியிலிருந்து ஏழரை வரை அதன்முன் உட்கார்ந்திருந்தாக வேண்டும். சரிபார்ப்பாளர் எப்போது வேண்டுமானாலும் வருவார். பொடிசு இருட்டில் உட்கார்ந்துகொண்டு, விளக்கெரியும் கடைசி பஸ் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தாமதமாக வருவதுதான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் மணி ஒன்பதுக்கு. ஒன்பது அடித்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். ஒன்பது ஐந்துக்குக் கேட்டோர ஜன்னலைத் திறந்து எழுத்தர் தாமதச் சீட்டு கொடுப்பார். ஒரு நாளைக்கு முப்பது சீட்டுதான் அச்சாகி வரும். அந்தப் பருவத்தில் தாமதத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நூற்றுப்பத்துப் பேர். முதல்நாள் ஒன்பது மணிக்கு ஓடிவந்த பொடிசுக்குச் சீட்டு கிடைக்கவில்லை.

"தாமதமா வரணும்னா நேரத்தோட வரணும்மா," என்றார் எழுத்தர். "எட்டு மணிக்கெல்லாம் வரிசையில நின்னுடணும். இப்படி ஒன்பதுக்கு அசைஞ்சு வந்தா யாரு சீட்டு குடுப்பா?"

அந்த ஒரு நாளைக் கணக்கில் சேர்க்க அவள் எழுத்தரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. மை கொட்டி வீணாய்ப்போன பழைய சீட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து டிப்போவிலிருந்து நேராக ஓடிவந்து எட்டுக்கு வரிசையில் நின்றாள். வரிசையில் ஏகக் கூட்டம், தள்ளுமுள்ளு.

"ஏய் டிப்போ, தள்ளி நில்லு. உன்மேல டீசல் வாடை அடிக்குது."

"உனக்கு மூக்காவது வேலை செய்யுதே, சந்தோஷப்பட்டுக்க," என்றாள் பொடிசு.

அவள் வகுப்பில் ஒருவன் இருந்தான். பிறந்ததிலிருந்தே எங்கேயும் நேரத்துக்குப் போகாதவன், தாமதமே உருவெடுத்து வந்த மாதிரி. அவன் எல்லாச் சீட்டும் தீர்ந்தபிறகு ஒன்பதரைக்குத்தான் கேட்டுக்கு வருவான். அவனால் ஒருநாள்கூடச் சீட்டு வாங்க முடியவில்லை. தாமதமாக வரும் பழக்கம் இல்லாதவன் என்று மன்றம் அவன் புத்தகத்தில் எழுதிவிட்டது.

சீட்டு வாங்கியவர்களை முதல் மணி முடிந்த பின்தான் உள்ளே விடுவார்கள். முதல் மணி இயற்பியல். அதை எடுப்பவர்தான் அந்த முழு வாத்தியார்; சட்டையெல்லாம் வெள்ளைத் தூளாக இருப்பதால் சாக்பீஸ் சார் என்று பெயர். ஐம்பது நிமிஷ வகுப்பில் நாற்பது நிமிஷம் பழக்கப் புத்தகங்களை அவர் நிரப்ப வேண்டும். மீதிப் பத்து நிமிஷத்தில் பாடம் நடத்துவார். பத்து நிமிஷமானாலும் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கும். வகுப்பு கேட்டுக்குப் பக்கத்தில்தான். வெளியே முப்பது பேர் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவர் குரலை உயர்த்தினார். பொடிசு கேட்டுக் கம்பியில் நோட்டை அண்டக் கொடுத்து எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மன்றத்திலிருந்து அவருக்கு ஓலை போயிற்று. உரக்கப் பேசுதல், ஆசிரியர்களுக்கான கெட்ட பழக்கங்களில் இரண்டாவது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அன்றிலிருந்து தாழ்ந்த குரலில் பேசினார். கேட்டுக்கு மட்டுமில்லை, முன் வரிசைக்கும் கேட்கவில்லை. அவருக்கு அந்த வருஷம் நல்லாசிரியர் பத்திரம் கொடுத்தார்கள்.

இருபத்தொரு நாள் முடிந்தது. பொடிசு தாமதமாக வரும் பழக்கமுள்ளவள் என்று அலுவலர் சிவப்புத் தாளில் கையெழுத்திட்டுக் கைகுலுக்கினார். அடுத்த இருபத்தொரு நாளில் அவள் அதை விட்டாள். விடுவதற்குப் பெரிய பிரயத்தனம் ஒன்றும் தேவைப்படவில்லை. வரிசையில் நிற்காமல் உள்ளே போனாள். கடைசி நாள் அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. கல்லூரியிலேயே அதிகம். எழுகிற படங்களில் முகத்தில் உற்சாகம் போதவில்லை என்று இரண்டு குறைத்திருந்தார்கள்.

புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹால் டிக்கெட் வாங்கப் போனாள். அதே ஜன்னல், அதே எழுத்தர்.

"ஹால் டிக்கெட் இல்லையேம்மா உனக்கு."

"தொண்ணூத்தெட்டு சார். பாருங்க."

"அது பழக்கம். நான் சொல்றது வருகைப் பதிவு. எண்பது நாள்ல அறுபது நாள் வந்திருக்கணும். நீ அம்பத்தொம்பது."

"நான் ஒருநாள்கூட லீவு போடலையே சார்."

"முதல் மணியில பேர் கூப்பிடறப்ப உள்ள இருந்தாத்தான் வந்த கணக்கு. இருபத்தொரு நாள் நீ இல்ல."

"நான் இங்கதானே சார் நின்னேன். இந்த ஜன்னல் முன்னாடி. நீங்கதானே சீட்டு குடுத்தீங்க."

"நான்தான் குடுத்தேன். யாரு இல்லேன்னா? உன் மூஞ்சிகூட எனக்கு ஞாபகம் இருக்கு. மழையில நனைஞ்சுக்கிட்டு நின்ன ஒருநாள்." எழுத்தர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஆனா சீட்டு மன்றத்துக் கணக்கு. வருகை ஆபீஸ் கணக்கு. ரெண்டு நோட்டும் என் மேசையிலதான் இருக்கு, ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதும்மா."

"மத்தவங்க?"

"அவங்கள்ல நிறையப் பேருக்கு இருபத்தொரு நாளும் சீட்டு கிடைக்கல. பாதி நாள் முட்டி மோதிட்டு வெறுத்துப்போய் நேரத்துக்கு வந்துட்டாங்க. நீதான் ஒழுங்கா நின்ன."

பொடிசு மன்றத்துக்கு ஓடினாள். அலுவலர் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வாம்மா, உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்! சிறந்த நற்பழக்க மாணவி நீதான். வர்ற திங்கட்கிழமை விழா. சிறப்பு விருந்தினருக்கு அன்னிக்குத்தான் ஒழிவு."

"திங்கட்கிழமை முதல் பரீட்சை சார். எனக்கு ஹால் டிக்கெட் இல்லைன்னுட்டாங்க. ஒரு நாள் குறையுதாம். நீங்க சொல்லித்தான் சார் தாமதமா வந்தேன்."

"பரீட்சை எங்க துறை இல்லையேம்மா," என்றார் அலுவலர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் துடைத்தார். "ஒரு நாள்தானே? முதல்வர் கையெழுத்துப் போட்டா சலுகை உண்டு. அவர் வெளியூர் போயிருக்கார், திங்கட்கிழமை காலையிலதான் வர்றார். நேரா மேடைக்குத்தான் வருவார். நீயும் மேடையிலதான் இருப்ப. சின்னதா ஒரு உரை, நானே எழுதித் தர்றேன். நீ பேசி முடிச்சதும் சூட்டோட சூடா காகிதத்தை நீட்டிடலாம். பரீட்சை பத்துக்கு. பத்தரை வரைக்கும் உள்ள விடுவாங்க. ஒன்பதரைக்கு விழா. தாராளமா நேரம் இருக்கு."

அலுவலர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள், நற்பழக்கம் வளர்த்த தாய் என்று. அம்மா பதினாறு பஸ்ஸையும் ஆறு மணிக்குள் முடித்துவிட்டு, இருப்பதில் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, ஷெட்டண்ணனின் செருப்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். முன் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள். அவள் மெத்தை அழுக்காகிவிடும் என்று நுனியில் உட்கார்ந்தாள்.

"பரீட்சை எப்போடி?" என்று மேடைக்குப் போகும் மகளின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"இது முடிஞ்சதும்மா. அந்தக் கட்டடம்தான். ஓடினா ரெண்டு நிமிஷம்."

"எல்லாம் தெரியும்ல?"

"தெரியும்மா."

சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வந்தார். வழியில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். எதிர்க் கட்டடத்தில் பரீட்சை தொடங்கும் மணி அடித்தது. பொடிசு மேடையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். சலுகைக் காகிதம் நாலாக மடித்து உள்ளங்கையில் இருந்தது. பக்கத்தில் முதல்வர். அவர் சட்டைப்பையில் பேனா செருகியிருந்தது. அவளுக்கு அந்தப் பேனாவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"சார், ஒரு கையெழுத்து," என்று மெல்லக் கேட்டாள்.

"மேடையில பேசக் கூடாது," என்றார் முதல்வர் அன்பாக. "விழா முடியட்டும்."

அலுவலர் வரவேற்றார். துணை அலுவலர்கள் இருவரும் ஆளுக்கொரு அறிக்கை வாசித்தார்கள். அந்த வருஷம் மொத்தம் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் முத்திரைகள் குத்தப்பட்டதாகவும், போன வருஷத்தைவிட இது இருபது சதம் அதிகம் என்றும் தெரிந்தது. சிறப்பு விருந்தினர் நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். நேரம் பொன் போன்றது என்பதைப் பல கோணங்களிலிருந்து விளக்கினார். பத்து இருபதுக்கு முதல்வர் எழுந்தார்.

"இந்தப் பெண்ணைப் பாருங்கள்! ஒரு காலத்தில் தினமும் தாமதமாக வந்துகொண்டிருந்தவள். கேட்டுக்கு வெளியே நின்றவள். இருட்டில் இருந்தவள். இன்று? இவளை மாற்றியது வாத்தியார்களா? இல்லை! புத்தகங்களா? இல்லவே இல்லை! வாத்தியாரும் புத்தகமும் இல்லாமலே ஒரு மாணவியை உருவாக்க முடியும் என்று இந்தக் கல்லூரி உலகத்துக்கே காட்டியிருக்கிறது!"

அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். மகள் எந்தக் காலத்தில் தாமதமாகப் போனாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெரியவர் பாராட்டுகிறார் என்பது விளங்கியது.

பத்து இருபத்தேழுக்குப் பொடிசைக் கூப்பிட்டார்கள். அவள் ஒலிபெருக்கி முன் போய் நின்று, அலுவலர் எழுதிக் கொடுத்த தாளை விரித்து, ஓட்டமும் நடையுமாக வாசித்தாள். இரண்டு பக்கம். முதல் பக்கத்தை முடித்துவிட்டாள். ஐந்து மணிக்கு எழுவதன் பயன்களைத் தாண்டிவிட்டாள். நிலையான இடத்தில் படிப்பதைத் தாண்டிவிட்டாள். தாளின் அடியில் பத்து வரி மட்டும் மிச்சம் இருந்தது.

எதிர்க் கட்டடத்தில் மணி அடித்தது. அரைமணி நேரம் முடிந்து கதவை அடைக்கிற மணி. நீளமாக அடித்தது.

பொடிசு வாசிப்பை நிறுத்தினாள்.

மகள் நிறுத்தியதைப் பார்த்து, மணி அடித்ததையும் கேட்டுவிட்டு, இந்த இடத்தில் கைதட்ட வேண்டும்போலிருக்கிறது, முன் வரிசையில் இருந்துகொண்டு தட்டாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாள் அம்மா. நாற்காலி நுனியிலிருந்து எழுந்து நின்று, ஊறிப்போன இரண்டு கையையும் சேர்த்துப் பலமாகத் தட்டினாள். அவளைப் பார்த்துப் பின் வரிசை தட்டியது. பிறகு மண்டபமே தட்டியது. முதல்வரும் சிறப்பு விருந்தினரும்கூட எழுந்து நின்று தட்டினார்கள். அம்மா திரும்பிப் பார்த்தாள். தன்னால் இத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று கண்டதும் அவள் முகம் அப்படியே பூரித்துப் போயிற்று. இன்னும் வேகமாகத் தட்டினாள்.

சத்தம் அடங்க வெகு நேரமாயிற்று. அலுவலர் ஓரத்திலிருந்து, மேலே வாசி என்று கையைக் காட்டினார். பொடிசு தாளில் விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இந்த மன்றம் மட்டும் இல்லாதிருந்தால் இந்த நேரத்தில் நான் எங்கே இருந்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்."

அடுத்த வரியில், சற்று நிறுத்தவும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது. நிறுத்தினாள்.